டாலர் ஏறியது; சித்தூர் மாம்பழம் ஏன் இறங்கியது?

2025 டிசம்பர் தொடக்கத்தில் ஒரு டாலரின் விலை 90 ரூபாயைக் கடந்தது. தில்லியில் ஆட்சியில் இருப்போர் பதறவில்லை. ரூபாய் வீழவில்லை, டாலர்தான் வலுப்பெறுகிறது என்று 2022 அக்டோபரில் வாஷிங்டனில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தந்த விளக்கமே அவர்களுக்கு இன்றும் போதுமானதாக இருக்கிறது. நவீன தாராளமயப் பொருளாதார அறிஞர்கள் இன்னும் ஒருபடி மேலே போகிறார்கள். ரூபாயின் மதிப்பு குறைந்தால் ஏற்றுமதி பெருகும், ஏற்றுமதி பெருகினால் விவசாயி செழிப்பான், ஆகவே இது நோயன்று, மருந்து என்பது அவர்கள் கூற்று.

இந்த மருந்து வேலை செய்கிறதா என்று சோதிக்கச் சித்தூர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் தோதாபுரி மாம்பழம் தமிழ்நாட்டில் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் வழங்கப்படுவது. அதன் பெரும்பகுதி சாப்பாட்டு மேசைக்குப் போவதில்லை. கூழ் ஆலைகளுக்குப் போகிறது. கூழ் ட்ரம்களில் அடைக்கப்பட்டு வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறுகிறது. அதற்கு விலை பேசப்படுவது டாலரில். ஆகவே ரூபாய் வீழ்ச்சியால் எந்த விவசாயியாவது பயன்பெற வேண்டுமானால், முதலில் பயன்பெற வேண்டியவர் சித்தூர் மாந்தோப்பு விவசாயியே.

நடந்தது என்ன? 2024 ஜூனில் ஒரு டாலர் ஏறத்தாழ 83 ரூபாய் 50 காசு. 2025 ஜூனில் அது ஏறத்தாழ 86 ரூபாய். டாலர் ஏறியது. முந்தைய பருவத்தில் கிலோ 20 ரூபாய்க்கு மேலும் விலைபோன தோதாபுரியோ அதல பாதாளத்துக்கு இறங்கியது. பழம் ஏற்றிய டிராக்டர்கள் ஆலை வாயில்களில் நாள்கணக்கில் காத்துக் கிடந்தன. பறிப்புக்கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று பழங்களைச் சாலையோரம் கொட்டிச் சென்றவர்கள் உண்டு. ஆலைகள் 8 ரூபாய், மாநில அரசு 4 ரூபாய், ஆகக் கிலோவுக்கு 12 ரூபாய் என்று சந்திரபாபு நாயுடு அரசு அறிவித்தது. அந்த 8 ரூபாயைக்கூடப் பல ஆலைகள் தரவில்லை என்று விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். அண்டை மாநிலத் தோதாபுரி மாவட்டத்துக்குள் நுழையக் கூடாது என்று சித்தூர் நிர்வாகம் தடை போட்டது. கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். டாலருக்கு எல்லையில்லை, கோலார் விவசாயியின் டிராக்டருக்கு மட்டும் எல்லை!

விளைச்சல் மிகுதி, சென்ற ஆண்டின் கூழே விற்காமல் தேங்கிக் கிடக்கிறது என்றார்கள் ஆலை அதிபர்கள். இருக்கட்டும். தேங்கிய கூழ் யாருடையது? ஆலையினுடையது. அது டாலரில் விற்கப்படும் சரக்கு. டாலர் ஏற ஏற, கிடங்கில் கிடக்கும் அந்தக் கூழின் ரூபாய் மதிப்பும் ஏறும். மாம்பழமோ மரத்தில் காத்திருக்காது. ஏற்றத்தின் பலன் கிடங்கு வைத்திருப்பவனுக்கு, தேக்கத்தின் சுமை தோப்பு வைத்திருப்பவனுக்கு என்பதே இங்கே நடந்த பங்கீடு. செலாவணி விகிதம் என்பது வெறும் எண் அன்று; அது வர்க்கங்களுக்கு இடையிலான பங்கீடு. இந்த உண்மையை மறைப்பதற்கே ‘வீழ்ச்சி’, ‘வலிமை’ என்ற சொற்களைக் கொண்டு சிலம்பம் ஆடுகிறார்கள்.

ஒரு டாலர் ஒரு ரூபாய் என்ற கட்டுக்கதை

1947இல் ஒரு ரூபாயும் ஒரு டாலரும் சமமாக இருந்தன என்ற செய்தி ஒவ்வோர் ஆகஸ்டிலும் கைபேசிகளில் சுற்றி வருகிறது. படித்தவர்களும் அதை நம்பிப் பரப்புகிறார்கள். அது பொய். விடுதலை நாளில் ரூபாய் பிரிட்டிஷ் பவுனுடன் பிணைக்கப்பட்டிருந்தது. ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ். ஒரு பவுனுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை. ஒரு பவுன் அன்று 4.03 டாலர். வகுத்துப் பார்த்தால் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 3 ரூபாய் 31 காசு வருகிறது.

இந்தப் பொய் தீங்கற்றதன்று. காலனி ஆட்சி முடிந்த நாளில் இந்தியா செல்வச் செழிப்போடு இருந்தது, பிறகு வந்தவர்களே கெடுத்தார்கள் என்ற எண்ணத்தை அது விதைக்கிறது. வலிமையான ரூபாய் என்றாலே வளமான மக்கள் என்ற மயக்கத்தையும் வளர்க்கிறது. வரலாறு இரண்டையும் மறுக்கிறது.

அந்த 1 ஷில்லிங் 6 பென்ஸ் எப்படி வந்தது என்று பார்ப்போம். முதல் உலகப் போருக்கு முன்பு ரூபாயின் விகிதம் 1 ஷில்லிங் 4 பென்ஸ். அதாவது பவுனுக்கு 15 ரூபாய். 1926இல் ஹில்டன் யங் ஆணையம் 1 ஷில்லிங் 6 பென்ஸைப் பரிந்துரைத்தது. 1927இல் அது சட்டமாயிற்று. ஆணையத்தில் இருந்த புருஷோத்தமதாஸ் தாக்கூர்தாஸ் தம் மறுப்பைத் தனியே பதிவு செய்தார். ரூபாயின் மதிப்பை உயர்த்தியதற்கு அவர் ஏன் மறுப்புத் தெரிவிக்க வேண்டும்? சென்னை மாகாணத்தின் நிலக்கடலை அன்று பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பவுன் மதிப்புள்ள கடலைக்குப் பழைய விகிதத்தில் 15 ரூபாய் கிடைத்திருக்கும். புதிய விகிதத்தில் 13 ரூபாய்ச் சொச்சம்தான். நூற்றுக்குப் பதினோரு ரூபாய் பேனா முனையில் காணாமற்போயிற்று. ஆனால் நிலவரி குறையவில்லை, வட்டிக்கடன் குறையவில்லை.

இலாபம் யாருக்கு? இந்திய அரசு ஆண்டுதோறும் இலண்டனுக்குக் கட்டிய ‘உள்நாட்டுச் செலவினம்’ என்னும் கப்பத்துக்கு இப்போது குறைந்த ரூபாய் போதும். பிரிட்டிஷ் அதிகாரி தம் சேமிப்பைத் தாய்நாட்டுக்கு அனுப்பினால் அதிகப் பவுன் கிடைக்கும். லங்காஷயர் துணி இந்தியச் சந்தையில் மலிவாகும். வலிமையான ரூபாய் வெள்ளையனுக்கு வலிமை தந்தது; கடலை விவசாயியின் மடியை அறுத்தது.

1929இல் உலகப் பெருமந்தம் வெடித்தது. விளைபொருள் விலைகள் சரிந்தன. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத் திட்டத்தைக் கைவிட்டபோதும் ரூபாயைப் பவுனோடு சேர்த்தே கட்டி வைத்தார்கள். தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. வரியும் வட்டியும் கட்ட வழியில்லாத குடியானவர்கள் தாலிக்கொடியையும் காப்பையும் விற்றார்கள். நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் பெறுமான தங்கம் அந்தப் பத்தாண்டில் இந்தியாவை விட்டுக் கப்பலேறியது. இலண்டனுக்கு அது வரவு. சித்தூரிலும் வடாற்காட்டிலும் அது வெறுங்கழுத்து.

வீழ்த்தப்பட்ட மூன்று தருணங்கள்

விடுதலைக்குப் பின் நடந்தது இதன் மறுபக்கம். இரண்டாம் உலகப் போருக்காக இந்தியாவிடமிருந்து எடுத்துக்கொண்ட பண்டங்களுக்கு ஈடாகப் பிரிட்டன் தரவேண்டிய கடன், இலண்டனில் பவுன் இருப்பாகக் கிடந்தது. போர் முடிவில் அது ஏறத்தாழ 130 கோடி பவுன். 1943 வங்கப் பஞ்சத்தின் பிணங்கள் அந்தக் கணக்கில் சேராதவை. 1949 செப்டம்பரில் பிரிட்டன் தன் பவுனின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைத்தது. ரூபாயும் அதே அளவு இறங்கியது. டாலர் 4 ரூபாய் 76 காசாயிற்று. இந்தியாவுக்கு வரவேண்டிய மீதிக்கடனின் டாலர் மதிப்பில் 30 விழுக்காடு ஒரே நாளில் கரைந்தது.

1966 ஜூன் 6. இரண்டு போர்கள், அடுத்தடுத்து வறட்சி, அமெரிக்கக் கோதுமைக்குக் கையேந்தும் நிலை. உதவி வேண்டுமானால் ரூபாயை இறக்கு என்று உலக வங்கியும் அமெரிக்காவும் நெருக்கின. இந்திரா காந்தி அரசு பணிந்தது. 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 காசாயிற்று. காங்கிரசுத் தலைவராக இருந்த காமராசரே இம்முடிவை எதிர்த்தார் என்பது வரலாறு. வருமென்று சொல்லப்பட்ட உதவி சொன்னபடி வரவில்லை. பொங்குமென்று சொல்லப்பட்ட ஏற்றுமதியும் பொங்கவில்லை. ஏறிய விலைவாசி மட்டும் இறங்கவில்லை. மறு ஆண்டே எட்டு மாநிலங்களில் காங்கிரசு ஆட்சியை இழந்ததற்கு இந்த விலைவாசியும் ஒரு காரணம்.

1991இல் நடந்தது மூன்றாவது தருணம். கையிருப்பில் சில வார இறக்குமதிக்கே அந்நியச் செலாவணி இருந்தது. மே மாதம் 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்துக்குப் போயிற்று. ஜூலையில் ஏறத்தாழ 47 டன் தங்கம் இங்கிலாந்து வங்கிக்கும் ஜப்பான் வங்கிக்கும் அடகு போயிற்று. ஜூலை 1ஆம் நாளும் 3ஆம் நாளும் நரசிம்ம ராவ், மன்மோகன் சிங் அரசு இரண்டு வெட்டில் ரூபாயை இறக்கியது; 21 ரூபாயாக இருந்த டாலர் 26 ரூபாயை நெருங்கியது. 1993 மார்ச்சில் விகிதத்தை நிர்ணயிக்கும் பொறுப்பு சந்தையிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது டாலர் ஏறத்தாழ 31 ரூபாய்.

1949க்கும் 1991க்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. முன்னர் ரூபாயை இறக்க அரசு முடிவெடுக்க வேண்டியிருந்தது. நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1993க்குப் பின் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பங்குச் சந்தைக்குள் வரும் அந்நிய முதலீடு வெளியேறினால் ரூபாய் இறங்குகிறது. 2013இல் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பணப்புழக்கத்தைக் குறைக்கப் போவதாகக் கோடி காட்டினார். ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. இறையாண்மை என்று வாய் கிழியப் பேசுகிறவர்கள், நாட்டு நாணயத்தின் கடிவாளத்தை நியூயார்க்கில் கொடுத்துவிட்டு இங்கே குதிரையின் பிடரியைத் தடவிக் கொண்டிருக்கிறார்கள்.

அன்றைய குஜராத் முதலமைச்சர் நரேந்திர மோடி 2013இல் ரூபாயின் வீழ்ச்சியை ஊர் ஊராகச் சென்று எள்ளி நகையாடினார். மோடி வந்தால் டாலர் 40 ரூபாயாகும் என்று ஆன்மிக குரு ஒருவர் அருள்வாக்கும் தந்தார். 2014 மே மாதம் மோடி பொறுப்பேற்றபோது டாலர் 58, 59 ரூபாய். 2025 டிசம்பரில் 90. நகையாடியவர்கள் இன்று இலக்கணம் கற்பிக்கிறார்கள்: விழுவது ரூபாய் அன்றாம், எழுவது டாலராம்!

ஏறினாலும் இறங்கினாலும்

மதிப்பு உயர்த்தப்பட்ட 1927இலும் விவசாயி இழந்தான். மதிப்பு இறங்கிய 2025இலும் விவசாயி இழக்கிறான். முள்ளின்மேல் சேலை விழுந்தாலும் சேலையின்மேல் முள் விழுந்தாலும் கிழிவது சேலையே என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான உரை வேண்டுமா?

இது எப்படி நடக்கிறது? ஒரு கணக்குக்காக, ஒரு டன் கூழின் விலை 1,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 60 ரூபாயாக இருந்தபோது ஆலைக்கு 60,000 ரூபாய். டாலர் 90 ரூபாயானதும் 90,000 ரூபாய் கிடைக்க வேண்டும். ஆனால் அயல்நாட்டில் கொள்முதல் செய்யும் குளிர்பானப் பெருநிறுவனத்துக்கும் கணக்குத் தெரியும். உன் ரூபாய் இறங்கிவிட்டது, விலையைக் குறை என்கிறது. சித்தூர் ஆலையும் கிருஷ்ணகிரி ஆலையும் போட்டியிட்டுக் குறைக்கின்றன. விலை 800 டாலரானால் கிடைப்பது 72,000 ரூபாய். ரூபாய் இறங்கியதன் பலனில் பெரும்பங்கு கடல் கடந்துவிட்டது. எஞ்சியதை ஆலை எடுத்துக்கொள்கிறது. சிறு விவசாயிக்கு ஒப்பந்தமும் இல்லை, குளிர்பதனக் கிடங்கும் இல்லை, ஆதார விலையும் இல்லை. அவருக்கு எஞ்சுவது ட்ரம்மின் அடியில் ஒட்டிக்கொண்ட கூழ்.

செலவுப் பக்கமோ டாலரை ஒருநாளும் மறப்பதில்லை. கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை 2010இல் காங்கிரசு அரசு கைவிட்டது. டீசல் விலைக் கட்டுப்பாட்டை 2014 அக்டோபரில் மோடி அரசு கைவிட்டது. பொட்டாசு உரம் முழுவதும் அயல்நாட்டுச் சரக்கு. தோப்புக்கு உரம் வைக்கும்போதும், பழத்தை வண்டியில் ஏற்றும்போதும் விவசாயி டாலர் விலை கொடுக்கிறார். விற்கும்போது மட்டும் அவருக்கு ரூபாய் விலை.

டாலர் ஏற்றம் விவசாயிக்கு உதவக்கூடிய ஓரிடம் உண்டு. அது நிலக்கடலை. இறக்குமதிப் பாமாயில் விலை ஏறினால் உள்நாட்டுக் கடலைக்கு நல்ல விலை கிடைக்கும். இராயலசீமையின் மானாவாரி நிலத்துக்கு உயிர் கொடுத்த பயிர் அது. பழைய சித்தூர் மாவட்டத்தில் அதன் பரப்பு இன்று வெகுவாகச் சுருங்கிவிட்டது. 2025 மே இறுதியில் ஒன்றிய அரசு கச்சாச் சமையல் எண்ணெய்களின் அடிப்படைச் சுங்க வரியை 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைத்தது. நுகர்வோர் நலன் என்றார்கள். நுகர்வோர் நலனே நோக்கமானால் பொது விநியோகக் கடையில் மானிய விலையில் எண்ணெய் தந்திருக்கலாம். விவசாயி நட்டப்படும்போது ‘சந்தை விதி’. விவசாயிக்குச் சந்தை நாலு காசு கொடுக்கவரும்போது ‘அரசுத் தலையீடு’.

ஸ்ரீசிட்டியில் மலிவாகும் மனிதர்

திருப்பதி மாவட்டத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஸ்ரீசிட்டி தொழில் நகரம் இருக்கிறது. பல நாட்டுப் பெருநிறுவனங்களின் ஆலைகள் அங்கே இயங்குகின்றன. சத்தியவேடு, வரதையபாளையம் வட்டாரங்களின் இளைஞர்களும் பெண்களும் பெருமளவில் ஒப்பந்தத் தொழிலாளர்களாகப் பணி செய்கிறார்கள். மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஒரு தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். டாலர் 60 ரூபாயாக இருந்தபோது அவர் உழைப்பு முதலாளிக்கு 250 டாலர். டாலர் 90 ரூபாயானபோது அதே உழைப்பு 167 டாலர். ஊதியத்தில் கை வைக்காமலே மூன்றில் ஒரு பங்கை வெட்டியாயிற்று. இதற்குச் சட்டத் திருத்தமும் வேண்டாம், கதவடைப்பும் வேண்டாம். ‘போட்டித்திறன்’ என்று இதற்குப் பெயர்.

அந்தத் தொழிலாளியின் தம்பி திருப்பதியில் பொறியியல் படித்து முடித்து அமெரிக்காவில் மேற்படிப்புக்குக் கடன் வாங்குகிறான் என்று கொள்வோம். 20,000 டாலர் கட்டணம் டாலர் 60 ரூபாயாக இருந்தபோது 12 லட்சம் ரூபாய்; 90 ரூபாயானபோது 18 லட்சம். ஈடாக எழுதிக் கொடுப்பது அதே மாந்தோப்பு.

குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் அனுப்பும் பணத்துக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கிறதே என்று கேட்கலாம். கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூடுதல் ரூபாய் நுழையும் ஊரில் எரிவாயு, எண்ணெய், பேருந்துக் கட்டணம் அனைத்தும் ஏறியிருக்கின்றன. சொந்த மண்ணில் வேலை கிடைக்காமல் குழந்தைகளை விட்டுப் பிரிந்த தாய்மாரின் கண்ணீரை அந்நியச் செலாவணி வரவு என்று எழுதிக்கொள்வது அரசுக்கு வேண்டுமானால் பெருமையாக இருக்கலாம்.

மக்கள் இந்த விளையாட்டை அறியாதவர்கள் அல்லர். ரூபாய் கரையும் என்று அறிந்துதான் குன்றிமணி அளவேனும் தங்கம் சேர்க்கிறார்கள். 2025 அக்டோபரில் 10 கிராம் தங்கம் 1,20,000 ரூபாயைக் கடந்தது. வங்கிகளில் 10 டன்னுக்கு மேல் தங்கம் இருப்பதாகத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2022 நவம்பரில் வெளியிட்ட வெள்ளை அறிக்கை சொல்கிறது. பக்தர்களின் காணிக்கை அது. மலையடிவாரத்திலோ, பயிர்க்கடன் கிடைக்காத விவசாயி மனைவியின் கம்மலை நகைக்கடன் நிறுவனத்தில் வைத்துவிட்டு ரசீதோடு வீடு திரும்புகிறார். 1991இல் நாடு செய்ததை அவர் ஆண்டுதோறும் செய்கிறார்.

ஆதாயம் எங்கே போகிறது?

ரூபாய் வீழ்ச்சியில் அரசுக்கும் ஒரு பங்கு உண்டு. முன்பு மலிவாக வாங்கிய டாலரை இன்று கூடுதல் விலைக்கு விற்று ரிசர்வ் வங்கி இலாபம் காண்கிறது. 2025 மே மாதம் ஒன்றிய அரசுக்கு அது வழங்கிய உபரி ஏறத்தாழ 2.69 லட்சம் கோடி ரூபாய். செலாவணி விற்பனை இலாபம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். மக்கள் பெட்ரோலுக்கும் உரத்துக்கும் கூடுதலாகக் கொடுத்த பணத்தின் மறுவடிவம் அது. 2019இல் பெருநிறுவன வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாக வெட்டியதால் விழுந்த ஓட்டையை அடைக்க இப்படிப்பட்ட வரவுகள் பயன்படுகின்றன. மாம்பழத்துக்கு ஆதார விலை கேட்டால் மட்டும் கருவூலம் காலி.

நாட்டின் வெளிக்கடன் 2025 மார்ச் இறுதியில் ஏறத்தாழ 73,600 கோடி டாலர். அதில் பாதிக்குச் சற்று மேல் டாலரில் திருப்ப வேண்டியது. டாலர் ஒரு ரூபாய் ஏறினால் இச்சுமை 40,000 கோடி ரூபாய் அளவு கூடுகிறது. இக்கடனில் கணிசமான பகுதி தனியார் பெருநிறுவனங்கள் வாங்கியது. கடன் வாங்கியவர் அவர். விலைவாசி வழியாகக் கட்டுகிறவர் நாம்.

ஆகவே ரூபாயை ஏற்று என்பதோ இறக்கு என்பதோ உழைக்கும் மக்களின் முழக்கமாக இருக்க முடியாது. செலாவணியின் கடிவாளம் யார் கையில் என்பதே கேள்வி. நினைத்தபோது வந்து நினைத்தபோது ஓடும் ஊக வணிக மூலதனத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும். எண்ணெய் வித்துகளுக்கு நிலையான இறக்குமதிப் பாதுகாப்பும், இடுபொருளுக்கு டாலர் ஏற்றத்தை ஈடுசெய்யும் மானியமும் வேண்டும். தோதாபுரிக்குச் சட்டப்படியான ஆதார விலை வேண்டும். அதைத் தராத ஆலையின் உரிமம் பறிக்கப்பட வேண்டும். சித்தூரிலும் கிருஷ்ணகிரியிலும் விவசாயிகளின் கூட்டுறவுக் கூழ் ஆலைகள் அரசு முதலீட்டில் எழ வேண்டும். கூழ் விற்கும் டாலர் தோப்புக்கு வரும் வழி அதுவே. விலைவாசியோடு இணைத்துக் குறைந்தபட்ச ஊதியம் திருத்தப்பட வேண்டும். ஸ்ரீசிட்டியில் சங்கம் அமைக்கும் உரிமை ஏட்டில் மட்டுமின்றி ஆலை வாயிலுக்குள்ளும் செல்ல வேண்டும்.

முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு 1989 முதல் குப்பம் தொகுதியின் உறுப்பினர். குப்பம் சித்தூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. தில்லியில் மோடி அரசு நிற்பதற்குக் கொடுக்கும் தோள்களில் அவருடைய தோளும் ஒன்று. சொந்த மாவட்டத்து மாம்பழத்துக்காக அந்தத் தோளை ஒருமுறையேனும் அசைத்துப் பார்த்தாரா என்பதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். ஜூன் வந்தால் மாம்பழம் மீண்டும் பழுக்கும். டிராக்டர்கள் மீண்டும் ஆலை வாயிலில் நிற்கும். அவை தனித்தனியே நின்று அழுகப் போகின்றனவா, சித்தூர், கோலார், கிருஷ்ணகிரி என்ற வேறுபாடின்றி ஒரே வரிசையில் நின்று விலை கேட்கப் போகின்றனவா என்பதை எந்தச் செலாவணிச் சந்தையும் தீர்மானிக்க முடியாது. அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் விவசாயிகளும் தொழிலாளர்களுமே.